வலப்பக்கம்

மியூனிக்கில் கார் எடுத்து
சால்ஸ்பேர்க், வியன்னா, புடாபெஸ்ட், பிராக்,
திரும்ப மியூனிக்.
எட்டு நாள் என்று எழுதி வைத்தேன்.

தவமலர் சிவப்புப் பேனையோடு வந்தாள்.
"வியன்னாவில இருந்து புடாபெஸ்ட்
எங்கட கொழும்புத் தூரம்.
கொழும்புக்கு ஓடிப்போட்டு வந்தால்
அடுத்த நாள் நீங்கள் என்ன செய்வியள்?"
படுப்பேன்.
புடாபெஸ்ட் போயிற்று.

ஹபரணையில் பிளேன்டீக்கு நிற்பதுபோல
லின்ஸில் ஒரு நிறுத்தம் கேட்டேன்.
யோசித்து, இருபது நிமிஷம் தந்தாள்.
பிராக்குக்கு இரண்டு இரவு.
கார் நிறுத்தும் காசைப் பார்த்து
அதில் ஒன்றைப் பிறகு வெட்டினாள்.

நாட்டுக்கு நாடு மறிக்க மாட்டார்களாம்,
வேகம் குறைக்கவும் தேவையில்லையாம்,
மகன் போனில் மூன்று தரம் சொன்னான்.
அவள் கேட்டுக்கொண்டே
மூன்று எல்லைக்கும்
இறங்க, ஐசி காட்ட, பை திறக்க
அவ்வவ் அரைமணி சேர்த்தெழுதினாள்.
அதை மட்டும் நான் வெட்டச் சொல்லவில்லை.

ஞாயிறு விடிய, கோட்டைக்குள்
சனமில்லாத் தெருவில்
வலப்பக்கமாய் ஓடிப் பழகினேன்.
வளைவில் ஒரு மான்
எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல்
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.
"ஹோன் அடியாதேங்கோ," என்றாள்.