கரியில் வடித்த சீரம்

எட்மன்டனில் இன்று மைனஸ் இருபத்தேழு.
கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆய்வகக் கதவு வரை
நூற்றுப்பத்து அடி எடுத்து வைக்க வேண்டும்.
அதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிடுகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வயிற்றுத் தோலில் ஓர் ஊசி.
டெஸ்டோஸ்டிரோன் வரும் மடையை அடைத்துவிடுவார்கள்.
தண்ணீர் நின்றால் பயிரும் வாடும், களையும் வாடும்,
களை முந்திக்கொண்டு சாகும் என்பது கணக்கு.
"கொஞ்சம் வேர்க்கும்" என்றார் டாக்டர் ஹாலோரன்.
நாப்பத்தெட்டு வயசில் எனக்கு வந்ததுதான்
உங்களுக்கும் வந்திருக்கு என்று சிரித்த இன்பவல்லி
மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.
கேட்டால் சொல்வேன்:
பட்டினி போடுகிற வேலை.
கன்றுக்குட்டி ரத்தத்தின் சீரத்தில்
கரித்தூளைக் கலக்கி, சுழற்றி, வடித்தால்
ஹார்மோன்கள் கரியோடு போய்விடும்.
மிச்சமிருக்கும் அந்தச் சப்பென்ற நீரைத்தான்
தட்டில் ஒட்டிக்கிடக்கும் புரோஸ்டேட் புற்றுச் செல்களுக்கு ஊற்றுகிறேன்.
எவனோ ஒருவனுடையவை.
அவன் போய் எத்தனையோ வருஷம்.
இன்குபேட்டரின் முப்பத்தேழு டிகிரியில்
இவை மட்டும்
காய்ச்சலில்லாத அவன் உடம்பை ஞாபகம் வைத்திருக்கின்றன.

முதல் வாரம் சொன்னபடி சாகின்றன.
மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழும்,
உள்ளே இருக்க வேண்டியது வெளியே கசியும்,
வீடு காலி செய்கிறவன் மாதிரி
செல் தன்னையே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைக்கும்.
உடம்புக்குள் என்றால்
பக்கத்துச் செல் அவற்றைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.
வீக்கமில்லை, சீழில்லை.
இத்தனை மரியாதையான சாவை
நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம்
சில மட்டும் சாக மறுக்கின்றன.

நேற்றிரவு அவற்றை அரைத்து
ஜெல்லில் ஓட்டி, சவ்வில் ஏற்றி, படம் பிடித்தேன்.
ஹார்மோனை ஏந்தும் புரதம்
வழக்கமான உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு.
அதற்குக் கீழே,
போன மாதம் இல்லாத இன்னொரு கோடு.
அதே புரதம்தான், வால் கத்தரித்தது.
ஹார்மோன் வந்து உட்காரும் குழியே அதற்குக் கிடையாது.
சாவித் துவாரமில்லாத பூட்டு,
எந்நேரமும் திறந்தே கிடக்கிறது.
வராத எஜமானுக்குக் காத்திராமல்
தானே டி.என்.ஏ.வின் மேல் ஏறி உட்கார்ந்து
ஒரே உத்தரவைச் சொல்கிறது:
பிழை.

ஒக்ஸானாவுக்கு இதை விளக்க முடியவில்லை.
என் மொழியில்
தவறுக்கும் அதே சொல்,
செத்துப்போகாதே என்பதற்கும் அதே சொல்.

அடுத்த வரிசையில் காவல் புரதம்
மை கொட்டியதுபோல் தடித்திருந்தது.
மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நின்று
சாவை வந்த வழியே திருப்பி அனுப்புவது.
"என்ன அழகான பட்டை!" என்றாள் ஒக்ஸானா.
உண்மைதான். இருபத்திரண்டு வருஷத்தில்
இவ்வளவு சுத்தமாக ஒரு படம் எனக்கு வந்ததில்லை.
அவளுக்கு என் ஊசியைப் பற்றித் தெரியாது.

சட்டைப் பையில் ஒரு காகிதம்.
ஏப்ரலில் பூஜ்யம் புள்ளி ஒன்று.
ஆகஸ்டில் பூஜ்யம் புள்ளி நாலு.
இப்போது ஒன்று புள்ளி மூன்று.

சனி, ஞாயிறு யாரும் வரமாட்டார்கள்,
இன்றே ஊற்றிவிட்டுப் போக வேண்டும்.
குளிர்பெட்டியில் இரண்டு புட்டிகள்:
கரியில் வடித்தது, வடிக்காதது.
கையுறைக்குள் விரல் ஈரமாக
கொஞ்ச நேரம் நின்றேன்.
பசிக்கிறதா என்று கேட்டுவிட்டேன் தமிழில்,
கேட்டது எனக்கே கேட்டது.
பிறகு வடித்ததை எடுத்து
பத்து மில்லிலிட்டர், தட்டின் ஓரமாக,
செல்கள் பெயர்ந்துவிடாமல், மெதுவாக.

வெளியே வந்து ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினேன்.
விளக்குக் கம்பத்தின் கீழே
என் கழுத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.
உப்புத் தூவிக்கொண்டிருந்த காவலாளி
இந்த ஊரில் எல்லோரும் கேட்கும் கேலியைக் கேட்டான்:
"குளிர் போதுமா?"

போதவில்லை என்றேன்.