ஏழாம் எண் சட்டை

ஏழு பேர் வேண்டும்.
நான்கு பேர்தான் தேறினார்கள்.
கெல்வினுக்குக் காறை எலும்பு.
டோபியாஷைப் போலந்து அழைத்துக்கொண்டது:
அங்கே ஒரு ஞாயிறு, இங்கே ஒரு மாதச் சம்பளம்.
மூன்றாமவனைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

திங்கள் மேலடுக்கு லீக்,
வியாழன் கீழடுக்கு,
இரண்டுக்கும் அதே ஆட்கள், அதே வேன்.
பந்தயத் தாளில் பெயர்களை
இப்போதெல்லாம் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

இன்றைய இரவல் வீரன்
போன வாரம் நாங்கள் கூச்சலிட்டு விரட்டியவன்.
எங்கள் சட்டை அவனுக்குத் தோளில் பிடிக்கிறது.

நாடா எகிறியது.
பிரேக் இல்லாத வண்டி, நான்கே சுற்று,
லிங்கன்ஷயர் சரளை தெறித்து
என் தேநீரில் விழுந்தது.
ஜெயித்துவிட்டான்.

பெயர் வாயில் வரவில்லை.
ஏழு, ஏழு என்றே கத்தினோம்.

சனிக்கிழமை அவன் எதிரணி.
சட்டையைத் துவைக்க எடுத்தேன்;
கழுத்துப் பட்டியில் சிக்கியிருந்தது
அவனுடைய காதடைப்பான் ஒன்று.