கட்டுக்கம்பி

தேசிங்கு, ஆண், நாற்பத்தொன்று
என்று போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டின் அடியில்
ஸ்மூத்தி என்று எழுதியிருந்தது.
அக்கா போனில் சொன்னாள்:
ஜூஸ் இல்லடா, அதவிடக் கெட்டி.
கூழும் இல்ல, அதவிடத் தண்ணி.
நடுவுல எங்கியாவது நிறுத்து.
அவளுக்கு மத்தியான ஷிஃப்ட்.
அவள் புருஷனுக்கு வாயில் கம்பி.

மணலி ரோட்டுப் பள்ளத்தில் வண்டியோடு விழுந்ததில்
தாடை ரெண்டு இடத்தில் விட்டுப்போச்சு.
மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும்
சேர்த்து இறுக்கிவிட்டார்கள் ஸ்டான்லியில்,
ஆறு வாரத்துக்கு.
உறிஞ்சலாம். மெல்லக் கூடாது. பேச முடியாது.

அந்த ஆளோடு நான் பேசியும்
நாலு வருஷம் ஆகிறது.
எனக்குக் கம்பி தேவைப்படவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
பையில் நாலு சப்போட்டா, அரைப் பப்பாளி,
பூவன் அரைச் சீப்பு.
சரக்கு ரயிலின் பெட்டிகளை
எண்ணிக்கொண்டு நின்றேன்.
பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ உறுமியது.
அப்படி ஒரு வண்டியில் பாதிக்கென்று
நாற்பதாயிரம் கொடுத்திருந்தேன்.
குடுத்தியா? யார் பார்த்தா?
என்று கேட்டது, இப்போது பூட்டிக் கிடக்கும் வாய்.
ரயிலில் எத்தனை பெட்டி என்பது
முப்பத்தொன்றோடு மறந்துபோனது.

கதவைத் திறந்துவிட்டு
கட்டிலில் போய் உட்கார்ந்தார்.
நான் கம்பி கட்டுகிறவன்.
தூணுக்கும் பீமுக்கும்
நாளுக்கு ஆயிரம் முடிச்சு போடுகிற கை.
ஓரக்கண்ணால் பார்த்தேன்.
நல்ல வேலை.
முனையை உள்ளே மடக்கியிருக்கிறார்கள்
உதடு கிழியாதபடி.

பப்பாளி விதையை வழித்தேன்.
சப்போட்டாவில் மூன்று பழம் ஒழுங்காக விதை தந்தது.
நாலாவதில் எதுவும் இல்லை.
விதையில்லாத சப்போட்டாவை நான் நம்புவதில்லை.
கட்டிய வாயில் ஒன்று மாட்டினால்
எடுக்கக் கிடுக்கி கூட நுழையாது.
சதையைப் பிசைந்து பிசைந்து தேடினேன்,
யாருக்காகத் தேடுகிறேன் என்பதை
பாதியில்தான் கவனித்தேன்.
பளபளவென்று கறுப்பாக ஒன்று
கட்டைவிரலுக்கு அடியில் வழுக்கியது.

மிக்ஸி ஜாரின் உடைந்த கைப்பிடியில்
கட்டுக்கம்பி.
ஒரு பொங்கலன்று நான் போட்ட முடிச்சு.
துருப்பிடித்திருந்தது. அவிழவில்லை.
யாரும் அவிழ்க்கவும் இல்லை.

ஆறின பால், ஊறின பேரீச்சை,
ரெண்டு சுற்று சுற்றியதும்
கரண்ட் போச்சு.
ஃபேன் நின்றது. மாடிப்படியில்
ஈபி ஆபீசை யாரோ திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.
பாதி கட்டி, பாதி திரவம்.
டீ வடிகட்டியில் ஊற்றி
கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன்.
காலி ஜாரை மறுபடி மாட்டி வைத்தேன்,
வேர்வை மூக்கு நுனியில் தொங்க,
அது டம்ளரில் விழாமல் தலையைத் திருப்பும்போது
காற்று வந்தது.

வாசற்படியில் நின்று
எக்ஸ்ரே படத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.
எனக்கு.
ஜன்னல் வெளிச்சத்தில்
அவருடைய தாடை
உடைந்த இடமெல்லாம் தெரிய
மேலும் கீழும் போய் வந்தது.

குடித்தார். ஸ்ட்ராவில் ஒரு முழு மடக்கு ஏற
அரை நிமிஷம் பிடித்தது.
பேனா வேண்டுமென்று விரலை ஆட்டினார்.
சீட்டின் பின்பக்கம் எழுதினார்:
சக்கர பத்தல.
போட்டுக் கலக்கினேன்.
மறுபடி குடித்தார். மறுபடி பேனா.
இந்தத் தடவை நேரமெடுத்தது. முதலில் ஓர் எண்,
அப்புறம் கமா, அப்புறம் சைபர்கள்.
40,000. பழக் காசு தனி.
எழுதிவிட்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

நாலு வருஷத்தில் நான் முதலில் சொன்னது:
பழம் நூத்திப்பத்து.

அப்போதுதான் கரண்ட் வந்தது.
மிக்ஸி சுவிட்சை நான் அணைத்திருக்கவில்லை,
ஜாருக்கு மூடியும் போடவில்லை.
ஒட்டிக்கிடந்த மிச்சமெல்லாம்
காலண்டர், கடிகாரம், என் சட்டை,
புதிதாக அடித்த சுண்ணாம்பு.
கம்பிக்குள்ளிருந்து ஒரு சத்தம்,
குக்கரில் விசில் வருவதற்கு முன் வருமே, அது.
கண்ணில் தண்ணீர், தோள் குலுங்குகிறது,
ரெண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

சிரிக்காதீங்க மச்சான் என்று கத்தினேன்.
கட்டு விட்டுடும்.