பெயர் பெயர்ந்த இரவு

விமான நிலையத்தைக் காலி செய்வதும்
வீடு காலி செய்வதும் ஒன்றுதான்.
கடைசியில் எதை ஏற்றுவது என்பதில்தான் சண்டை வரும்.

அந்த ஏப்ரல் இரவு இஸ்தான்புல்லில்
நெடுஞ்சாலையை எங்களுக்காக மூடினார்கள்.
ஏணி வண்டிகள், எடை மேடைகள், எரிபொருள் லாரிகள்,
விமானங்களை மட்டுமே இழுத்துப் பழகிய வண்டியொன்று
முதன்முறையாகத் தெருவிளக்கைப் பார்த்தபடி.
எல்லாம் வடக்கே, கருங்கடல் பக்கம்.
என் லாரியில் நாற்பது தள்ளுவண்டிகள்,
யாரும் கேட்டு வராத ஒரு குழந்தை நாற்காலி.

மூன்று எழுத்துகளை மட்டும்
எந்த லாரியிலும் ஏற்றவில்லை.
விடிய மூன்று மணி நேரம் இருக்கையில்
எங்கோ யாரோ ஒரு பொத்தானைத் தட்டியிருக்க வேண்டும்.
யேஷில்கொய்யில் இருந்த ஐ எஸ் டி
புதிய நிலையத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.
பழையதற்கு மிஞ்சியது ஐ எஸ் எல்,
புதியது அதுவரை போட்டுக் கழற்றிய சட்டை.

ஆசியக் கரையில் இன்னொரு நிலையம் உண்டு,
எஸ் ஏ டபிள்யூ.
பங்காளிச் சண்டையில் வீட்டு மாப்பிள்ளை போல
பாலத்துக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நான்
வழிதவறிய பெட்டிகளை வீடு சேர்ப்பவன்.
ஜூன் மாதம் ஒரு பழுப்புப் பெட்டி வந்தது,
மூலையில் சிவப்புக் கறையோடு.
ஹானோவரில் ஒட்டிய சீட்டு: எச் ஏ ஜே.
ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெட்டி என்று சிரித்தோம்.
அதன் கீழே, பெரிதாக, ஐ எஸ் டி.

அதை ஒட்டிய அன்று அந்த எழுத்துகள்
உரிமையாளரின் மொட்டைமாடியிலிருந்து தெரியும் ஓடுபாதை.
வந்து சேர்ந்த அன்று
கடற்காற்று வீசும் வேறொரு மண்.
பெட்டி வழிதவறவில்லை.
பெயர்தான் பெயர்ந்துவிட்டது.

ஃப்ளோர்யா. நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
வேதாத், அவர் மனைவி முஸெய்யென்.
தேநீர் வைத்தார்கள்.
பெட்டியைத் திறக்கும் அவசரம் இருவருக்கும் இல்லை.
"இதில் என் தங்கை கொடுத்துவிட்ட"
என்றவர் நிறுத்தினார்.
முகம் கூரைப் பக்கம் சற்றே உயர்ந்தது.
முஸெய்யெனின் கரண்டி கோப்பைக்குள் நின்றது.
ஏனென்று தெரியாமல் நானும் காத்திருந்தேன்.
எதுவும் கடந்து போகவில்லை.
ஜன்னல் கண்ணாடி அசையவில்லை.
பதினோரு விநாடி இருக்கும்.
"செர்ரி ஜாம் ஜாடி. உடைந்திருக்கும்"
என்று முடித்தார்.

முப்பத்திரண்டு வருடம்
தலைக்கு மேல் போகும் விமானங்களுக்கு
வழிவிட்டு வழிவிட்டுப் பேசியவர்கள்.

அவர் கையெழுத்துப் போடப் பேனா தேடி உள்ளே போனதும்
முஸெய்யென் மெதுவாகச் சொன்னாள்:
"அந்த இரைச்சலுக்குள்தான்
என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.
காதில் விழாது என்ற தைரியம்.
எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்று
அவருக்குத் தெரியாது.
இப்போது எல்லாம் காதில் விழுகிறது.
ஏப்ரலிலிருந்து ஒருமுறைகூடக் கேட்கவில்லை."

பேனா கிடைத்துவிட்டது.
சேர்ந்த இடம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று வேதாத் கேட்டார்.
வீடு என்று எழுதுங்கள் என்றேன்.

கீழே வந்து வண்டியை எடுக்கும்போது
பழைய ஓடுபாதையை இன்னும் மறக்காத
ஒரு சரக்கு விமானம் தாழப் பறந்தது.
தெருநாய் காதை மடக்கிக்கொண்டது.
அண்ணாந்து பார்த்தேன்.
நான்காம் மாடி ஜன்னலில்
அவர் அவசர அவசரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு உதடு படிக்கத் தெரியாது.