ஆறாவது இதழ்

கவராயம் சுழன்ற வட்டத்துக்குள்
ஐந்து இதழ்கள் சொன்னபடி கேட்டன.
ஆறாவதில்
சம்மாந்துறை வீதியை உலுக்கிக்கொண்டு
அறுவடை மெஷின் போனது.

நெல்லளவு வரம்பு
கத்தியோடு எகிறிவிட்டது.

முழங்காலிட்டுத் தேடினேன்.
காலையிலிருந்து நான் கழித்த முக்கோணங்கள்
அத்தனையும் 'நானா?' என்றன.
ஏழோ எட்டோ வைத்துப் பார்த்ததில்
ஏதோ ஒன்று இருந்துகொண்டது.
பசை. செலோடேப். இரண்டு நாள்.

எண்ணெய் பட்டதும்
மகோகனி கறுத்துச் சிவந்தது.
அந்த இடம் மட்டும்
குடிக்கமாட்டேன் என்று வெளிறி நின்றது.

கட்டில் பார்க்க வந்த இஸ்ஸதீனின் மகள்
தலைமாட்டுப் பலகையில்
இதழ் இதழாக விரலை ஓட்டினாள்.
நான் சாணைக்கல்லைத் துடைத்தேன்,
துடைத்த கல்லையே.

"பூ இதிலதான் விரியத் தொடங்குதோ?"

ஓம் என்றேன்.
கேட்காமலே
இருநூறு ரூபாய் குறைத்தும் வாங்கினேன்.