வெற்றி இடம் இரண்டு

பதினான்கு மாதமாய் ஒரே வரியை எழுதுகிறேன்:
"மாணவர் ஆசனங்கள் இரண்டு. வெற்றிடம்."
கூட்டக் குறிப்பேட்டில் அந்த இடத்தில் மட்டும்
பார்க்காமலே என் கையெழுத்து
நேராக விழும்.

கொட்டாஞ்சேனை, நூலகத்தின் மாடி அறை.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
பொலிஸைப் பற்றி ஊர் சொல்வதைக் கேட்க
ஊரிலிருந்து ஒன்பது பேர் என்பது ஏற்பாடு.
இருப்பது ஏழு:
இளைப்பாறிய வங்கி முகாமையாளர்,
மருந்துக்கடைக்காரர்,
எல்லாத் தீர்மானத்தையும் வழிமொழியும் திருமதி பெர்னாந்து,
இன்னும் நான்கு பேர். எல்லோருக்கும் பிரஷர்.
மாணவ நாற்காலி ஒன்றில் தேநீர்ப் பிளாஸ்க்.
மற்றதில், நூல் கட்டிய கோப்புகள்.

விளம்பரம் மூன்று மொழியில் அடித்தோம்.
தமிழ் என்னுடையது.
அச்சகத்தில் யாரோ என் சொல்லை நடுவில் உடைத்து
"மாணவர் வெற்றி இடம் இரண்டு" என்று போட,
ஜம்பட்டா வீதியிலிருந்து ஒரு பொடியன் போன் எடுத்தான்:
"முதல் பரிசு என்ன, மிஸ்?"
மாதம் ஒரு கூட்டம், பிளேன்டீ, பஸ் காசு என்றேன்.
வைத்துவிட்டான்.

ஆனாலும் விண்ணப்பம் ஐந்து வந்தது.

படிவத்தின் கடைசிப் பந்தியில் ஒரு நிபந்தனை.
நானே மொழிபெயர்த்தது; அப்போது உறைக்கவில்லை:
"வதிவிடப் பொலிஸ் நிலையத்தின்
நன்னடத்தைச் சான்று இணைக்கப்பட வேண்டும்."
பூனைக்கு மணி கட்டப் போகிற எலி
முதலில் பூனையிடம் கையெழுத்து வாங்கி வரட்டும்.

றெக்சனின் அம்மா படிவத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார்.
குடையை மடிக்காமல் வாசலிலேயே நின்றார்.
"சந்தியில நிக்கிறவங்கள் இப்ப
மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள், மிஸ்.
இவ்வளவு நாளும் அவங்களுக்குப் பேர் தெரியாது."
கொடுத்தேன்.
"சுயவிருப்பில் விலகல்" என்று பதிந்தேன்.
என் கையெழுத்து அங்கேயும் அழகாகத்தான் இருக்கிறது.

இருவருக்கு உயர்தரப் பரீட்சை.
ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

மிஞ்சியது புளூமெண்டால் தொடர்மாடி, ஃபஸ்ரினா.
சான்று இல்லை. அந்த இடத்தில் நீலப் பேனையால்:
"மூன்று முறை போனேன். ஓ.ஐ.சி. இல்லை என்றார்கள்.
மூன்றாம் முறை அதை அவரே சொன்னார்."
விண்ணப்பிக்கும் காரணம் என்ற கட்டத்தில்:
"நானாவை ஒரு இரவு உள்ளே வைத்திருந்தார்கள்.
அவர்களின் புத்தகத்தில் அந்த இரவு இல்லை.
அந்தப் புத்தகத்தை யார் வாசிக்கலாம்
என்று தெரிந்துகொள்ள."

நாற்பது நிமிடம் பேசினார்கள்.
சான்றில்லாமல் எப்படி என்றார் முகாமையாளர்,
கடன் படிவம் போல அதைப் புரட்டிப் புரட்டி.
மருந்துக்கடைக்காரர் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்திருந்தார்.
பிறகு தன் மகனின் பெயரைச் சொன்னார்.
பெயரை மட்டும்.
வழிமொழிய யாரும் கேட்கவில்லை;
திருமதி பெர்னாந்து கையை உயர்த்தினார்.
பிறகு இன்னொன்று, இன்னொன்று. மொத்தம் நான்கு.
எனக்கு வாக்கில்லை.
பேனை பிடித்த கை கொஞ்சம் எழும்பியதா
என்பது குறிப்பில் இல்லை.

இந்தச் செவ்வாய் வந்தாள்,
ரியூசன் பையும் நனைந்த சப்பாத்துமாக.
தலைவர் அவசரமாய்ப் பிளாஸ்கைத் தூக்கினார்,
வைக்க இடம் தேடி அறையைச் சுற்றிப் பார்த்து
கடைசியில் அடுத்த நாற்காலியில்
கோப்புகளின் தலையில் வைத்தார்.

அவள் உட்காரவில்லை.
"அது என்ன கோப்பு, மிஸ்?"
"முடியாத முறைப்பாடுகள்."
"எத்தனை?"
ஒருவரும் எண்ணியிருக்கவில்லை.

பிளாஸ்கை எடுத்து நிலத்தில் வைத்தாள்.
கோப்புகளை மடியில் வாரிக்கொண்டு உட்கார்ந்தாள்.
முடிச்சு இறுகியிருந்தது;
நகத்தால் அவிழ்க்கத் தொடங்கினாள்.
தலைவர் தொண்டையைச் செருமினார்.
நான் எழுதினேன்:
"மாணவர் ஆசனம். வெற்றிடம் ஒன்று."
இந்த முறை பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது.