இரண்டு பார்சல்கள்

செவ்வாய்க்கிழமை யேவ்லேயிலிருந்து ஓர் அலகு வந்தது.
கைப்பிடி இல்லை.
செய்தித்தாளில் சுருட்டி
மீன் கட்டுகிற மாதிரி நூல் கட்டியிருந்தது.
'அப்பாவின் சவரக்கத்தி. புதுப்பிடி வேண்டும்.
எந்த மரம் என்பது உங்கள் இஷ்டம்.
பழைய பிடி எங்கே என்று கேட்க வேண்டாம்.
சிக்ஸ்டன் ரீட்ஃபோர்ஸ்.'

நான் கேட்பதில்லை.
எஸ்கில்ஸ்தூனாவில் பதினோரு வருடமாக
சமையலறை மேசையில் அடுத்த வீட்டுத் துருவைத் தேய்க்கிறேன்.
துரு தானே சொல்லிவிடும்:
குளியலறையில் கிடந்ததென்றால் செம்மண் நிறம்,
கப்பலேறி வந்ததென்றால் கடுகு கடுகாய்க் குழி.
இது வேறு மாதிரி.
அலகின் வயிற்றில் மட்டும்,
பிடி மூடும் அளவுக்கு மட்டும்,
ஒரு நிழல் படுத்து எழுந்த தடம்.
பிடிக்கு வெளியே நீட்டியிருந்த வாலில்
என் மூக்கு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஈஸ்தாதிலிருந்து ஒரு கைப்பிடி வந்தது.
அலகு இல்லை.
தொப்பிப் பெட்டி, பஞ்சு, பஞ்சின்மேல் பட்டுத்துணி.
ஆமையோடு போல வரியோடிய செல்லுலாய்டு.
ஆணியை யாரோ இடுக்கியால் பிடுங்கிய காயம்.
'அன்புள்ள குன்னெல்,
பழைய அலகு எதையாவது இதில் மாட்டித் தாருங்கள்.
பணம் பிரச்சினை இல்லை.
மைலிஸ், பிறந்த வீட்டுப் பெயர் ரீட்ஃபோர்ஸ்.
பின்குறிப்பு: என் தம்பியைத் தெரியுமா உங்களுக்கு?'

தெரியாது. அவருடைய பாதி
ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில்
எண்ணூறாம் நம்பர் உப்புத்தாளில் படுத்திருக்கிறது.

அன்றிரவு அதைச் செய்திருக்கக் கூடாது.
துளைக்கு நேராகத் துளை வைத்து
ஒரு பித்தளைக் கம்பியை நுழைத்தேன்,
சுத்தியல் தொடவில்லை, சும்மா.
மூடினேன். திறந்தேன். மூடினேன்.
நிழல் ஒவ்வொரு தடவையும்
தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.
டிக் என்று ஒரு சத்தம்.
முகம் கழுவி முடித்த ஓர் ஆள்
துண்டுக்குக் கை நீட்டுகிற நேரத்துச் சத்தம்.

நாட்டாமை பண்ண உட்கார்ந்தேன்.
'அன்புள்ள இருவருக்கும்' என்று எழுதி
அடுத்த வார்த்தை யோசிக்கும்போது
மூக்கில் ஏறியது கற்பூரம்.
கற்பூரம், அதற்கடியில் புளித்த ஏதோ.
செல்லுலாய்டு கெடும்போது அப்படித்தான் மூச்சுவிடும்,
மூடிய வாய்க்குள் வைத்து
எஃகை மெல்ல மெல்லத் தின்னும்.
நிழல் என்று நான் நினைத்தது பல்தடம்.
எத்தனை வருடம் அணைத்துக்கொண்டு கிடந்ததோ.
இடுக்கியோடு வந்த கோபக்காரர்
அக்காவோ தம்பியோ,
தெரியாமலே அலகைக் காப்பாற்றியிருக்கிறார்.

கடிதத்தைக் கிழித்தேன். கம்பியை உருவினேன்.

சிக்ஸ்டனுக்கு வரி முறுக்கிய பர்ச் மரம்,
ஆளிவிதை எண்ணெய் நான்கு பூச்சு,
கடைமூட்டில் கடமான் கொம்புத் துணுக்கு.
ஆணித்தலையை மிளகளவுக்குத் தட்டித் தட்டி உருட்டினேன்.
மூன்று குழிகள் போகவில்லை.
போகும்வரை தேய்த்தால் அலகும் கூடவே போய்விடும்.
அதையும் எழுதித்தான் அனுப்பினேன்.
பணம் வந்தது, வார்த்தை வரவில்லை.

மைலிஸுக்கு உண்மையைச் சொன்னேன்:
இந்தப் பிடி எந்த அலகையும் தின்றுவிடும்.
தபாலட்டையில் பதில் வந்தது:
'தின்னட்டும். நான் சவரம் செய்யப்போவதில்லை.'

நல்ல எஃகைக் கொடுக்க மனம் வரவில்லை.
பேரிக்காய் மரத்தில் ஓர் அலகு செதுக்கினேன்.
யேவ்லேக்கு அனுப்புவதற்கு முன்
வேறொன்றை என் தாளில் வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்திருந்தேன்,
ஏன் வரைந்தேன் என்று அப்போது தெரியாது.

நேற்று இரண்டாவது தபாலட்டை.
'வாலின் நுனியில் அந்தக் கோணல்.
அது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?'

இன்னும் பதில் எழுதவில்லை.
வெளியே பனி கொட்டுகிறது,
ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.
கற்பூர வாசனை போவேனா என்கிறது.